டவர் தெரியும், கம்பி தெரியாது

கேள்வி: சார், எங்க ஊருக்குப் போற வழியில ஆத்தைத் தாண்டிப் போற ஹைடென்ஷன் லைன்ல ஆரஞ்சு கலர்ல பந்து பந்தா மாட்டியிருக்காங்க. பிளேனுக்காகன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். அவ்ளோ பெரிய டவரே நிக்குதே, அதைப் பார்த்து பைலட் ஒதுங்கிப் போகமாட்டாரா?

பதில்: உங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதாம்மா. டவர் தெரியும், கம்பிதான் தெரியாது. நாம கீழ நின்னு அண்ணாந்து பார்க்கும்போது பின்னாடி வானம், அதனால கோடு போட்ட மாதிரி பளிச்சுனு தெரியுது, மேலருந்து வர்றவருக்கோ பின்னாடி மரமும் வயலும் மண்ணும், மங்கிப்போன பழைய கம்பி அதோட அப்படியே கலந்துடும். கண்ணுல பட்டாலும் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கணிக்க முடியாது. எல்லாத்துக்கும் உச்சியில மின்னலைத் தாங்க ஒல்லியா ஒரு கம்பி போகும் பாருங்க, கீழ இருக்கற தடிக்கம்பியைப் பார்த்து சட்டுனு மேல ஏத்தினா அதுல போய் மாட்டிக்குவாங்க. அதனாலதான் ஹெலிகாப்டர் பைலட்டுங்களுக்கு, லைனைத் தாண்டணும்னா நடுவுல தாண்டாதே, டவர் உச்சிக்கு மேலயே தாண்டுன்னு சொல்லித் தர்றாங்க.

1998 பிப்ரவரி 3, இத்தாலில காவலேசேங்கற மலை ஊர்ல அமெரிக்க மரீன் படை ஜெட் ஒண்ணு பள்ளத்தாக்குல தாழப் பறந்து ரோப்கார் கம்பியை அறுத்துடுச்சு. உள்ள இருந்த 20 பேரும் செத்துட்டாங்க. ஜெட் பத்திரமா தளத்துக்குத் திரும்பிடுச்சு. 2000 அடிக்குக் கீழ போகக்கூடாதுன்னு விதி, அது போனது 400 அடிக்கும் கீழ! அந்த ரோப்கார் அவங்ககிட்ட இருந்த மேப்லயும் இல்ல.

எனக்கு அதைவிட ஆத்தாமையா இருக்கறது காத்து அளக்கற கம்பம். காத்தாலை வைக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துல காத்து எவ்ளோ அடிக்குதுன்னு பார்க்க ஒல்லியா ஒரு கம்பத்தை நட்டு சுத்தியும் இழுத்துக் கட்டுவாங்க, கொஞ்ச நாள்லயே நட்டு முடிச்சிடலாம், நேத்து இல்லாத கம்பம் இன்னிக்கு நிக்கும். அமெரிக்காவுல 200 அடியைத் தாண்டினாத்தான் பெயின்ட், லைட்டுன்னு கேப்பாங்க, அதனால நிறைய பேர் 200க்குக் கொஞ்சம் கம்மியா நிறுத்திட்டாங்க. வயலுக்கு மேல மருந்தும் விதையும் தூவற சின்ன பிளேன் பறக்கற உயரமே அதுக்குள்ளதானே? 2011 ஜனவரியில கலிபோர்னியாவுல அப்படி ஒரு கம்பத்துல மோதி ஒரு பைலட் செத்தார். அந்த வருஷம் அரசு சொன்னது, விருப்பம் இருந்தா பெயின்ட் அடிங்கன்னுதான். கட்டாயமா அடையாளம் வைக்கணும்னு அங்க சட்டம் வந்தது 2016ல, அஞ்சு வருஷம் கழிச்சு.