வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரி

வணக்கம் ஐயா,

இல்லினாய் மாநிலத்தில், பிளைன்ஃபீல்டில் வசிக்கிறோம். மகன் இந்த ஆண்டு பள்ளி முடித்தான். மதிப்பெண் சுமார்தான். ஜோலியட் ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு அர்பானாவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்றான். செலவு குறையும் என்று கணவரும் தலையாட்டிவிட்டார். இப்போது பகலில் கல்லூரி, இரவில் ஒரு கிடங்கில் வேலை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் இடம் ஒரு கல்லூரியா? ஈரோட்டிலிருந்து மாமியார் கேட்டபோது 'சிகாகோவில் படிக்கிறான்' என்று சொல்லிவைத்தேன். இந்த இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜை யார், எதற்காகத் தொடங்கினார்கள்? இதற்கு மதிப்பு உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. ஆனால் நீங்கள் ஈரோட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது பையன் எங்கே இருந்தான்? வீட்டில்தான் என்றால் அவன் காதில் விழுந்திருக்கும். பதினெட்டு வயதுப் பையனுக்கு அதைவிட வேறு தண்டனை தேவையில்லை.

மதிப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். கடைசியில் கையில் வரும் பட்டத்தில் அர்பானாவின் பெயர்தான் இருக்கப்போகிறது. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது 'கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் இடம்' என்ற உங்கள் வரி. கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன் படிக்கும் கல்லூரி 1901இல் தொடங்கியது. அமெரிக்காவில் இன்றும் நடந்துவரும் அரசு கம்யூனிட்டி காலேஜ்களில் அதுதான் மூத்தது. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் ஜோலியட் உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஜே. ஸ்டான்லி பிரவுன். மற்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். தனிக் கட்டடம் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த ஆறு மாணவர்களுக்கு அதே பள்ளிக்குள் கல்லூரிப் பாடம் நடந்தது. கல் குவாரி, இரும்பாலை, சிறைச்சாலை, இவைதான் அன்றைய ஜோலியட்.

ஹார்ப்பர் பத்து வயதில் கல்லூரியில் சேர்ந்து பதினான்கு வயதில் பட்டம் வாங்கியவர். முதல் இரண்டாண்டுப் பாடம் பள்ளிப் படிப்பின் வால்தான், ஆராய்ச்சி செய்ய வேண்டிய பேராசிரியர்கள் அதில் மாரடிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. வெளிப்படையாகச் சொன்னால், பிள்ளைகளை உட்காரவைக்க வாசலில் ஒரு திண்ணை தேடினார். பிரவுனின் கவலை வேறு. படிக்க ஆசை இருந்தும் ஊரைவிட்டுப் போக வழியில்லாத பிள்ளைகள் அவர் கண்முன்னால் இருந்தார்கள். உள்ளே வராதே என்ற எண்ணமும் வெளியே போக முடியாத நிலையும் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்தக் கல்லூரி. ஹார்ப்பரின் நோக்கத்தை இன்று யார் நினைக்கிறார்கள்? பிரவுனுடையதுதான் நின்றது.

பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அரசுப் பணத்தில் படிக்க வந்தார்கள். அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல், பள்ளிக்குப் பிறகு இரண்டாண்டுப் படிப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கையால்தான். 1965இல் இல்லினாய் இவற்றுக்கெனத் தனிச் சட்டம் போட்டது. ஜோலியட் கல்லூரி பள்ளியிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமானது 1967இல். இன்று நாடு முழுவதும் இப்படி ஆயிரத்தைச் சுற்றி இருக்கின்றன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வருகிறது. அக்கா 1975இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். கணக்கில் பள்ளியிலேயே முதல். அப்போது பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு கல்லூரியில்தான் இருந்தது, கல்லூரி திருநெல்வேலியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். விடுதி என்றால் பணம். "பொம்பளப் புள்ளைய அங்க விட்டுட்டு இங்க எவன் தூங்குவான்?" என்றார் அப்பா. அந்த வருடமே அக்கா மடியில் பீடித் தட்டு வந்துவிட்டது.

1978இல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளி மேல்நிலைப் பள்ளியானது. 1980இல் தங்கை பிளஸ் ஒன் சேர்ந்தபோது அதே அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்துபோய் நடந்துவரும் தூரம், மத்தியானம் வீட்டில் சாப்பாடு. அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். தங்கை சுமார்தான் படிப்பாள், அவளே ஒப்புக்கொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அறிவு வித்தியாசமா, அம்மா? ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு பிளஸ் டூ வந்தது, அவ்வளவுதான். கல்லூரியில் நடந்ததைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். ஜோலியட்டில் அதற்கு எழுபது எண்பது வருடம் முன்னால் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

தகுதி, தகுதி என்று வாய் ஓயாமல் பேசுகிறோம். யாரை வெளியே நிறுத்தினோம் என்பதை வைத்துத்தான் நம் ஆட்கள் ஒரு கல்லூரியை எடைபோடுகிறார்கள். நூறு பேர் கேட்டு இரண்டு பேருக்குக் கிடைத்தால் அது உயர்ந்த இடம், நூறு பேருக்கும் கிடைத்தால் சத்திரம். உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் பையன் என்ன பாடம் படிக்கிறான் என்றே இல்லை.

அந்தக் கல்லூரி இருக்கும் சாலைக்கு ஹூபோல்ட் ரோடு என்று பெயர். ஜான் ஹூபோல்ட் அந்த ஊரில் வளர்ந்தவர். 1930களில் ஜோலியட் ஜூனியர் காலேஜில் படித்துவிட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார், உங்கள் பையன் போட்டிருக்கும் அதே திட்டம். பின்னாளில் நாசாவில், பெரிய ராக்கெட்டையே நிலவில் இறக்க வேண்டாம், தாய்க்கலத்தை நிலவைச் சுற்றவிட்டுவிட்டு சின்னக் கலத்தை மட்டும் இறக்கலாம் என்று வாதாடினார். மேலதிகாரிகள் காதுகொடுக்காதபோது 1961இல் அவர்களைத் தாண்டி நாசாவின் உயர் நிர்வாகிக்கே கடிதம் எழுதினார். 1962இல் அந்த வழியைத்தான் நாசா ஏற்றது. நிலவுக்கே இரண்டு கட்டமாகத்தான் போனார்கள் என்று இதைத் தத்துவமாக்கி வாட்ஸாப்பில் சுற்றவிட்டுவிடாதீர்கள். ஒரு பெரிய மனிதரைக் காட்டி ஒரு கல்லூரியை நியாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. மாமியாருக்கு வேண்டுமானால் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டியது இன்னொன்று. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் 1960இலேயே எழுதினார்: இந்தக் கல்லூரிகள் பெரிய கனவோடு வருகிறவர்களை வாசலில் மறுப்பதில்லை, உள்ளே விட்டு மெல்ல மெல்ல ஆசையைத் தணித்து அனுப்புகின்றன என்று. கசப்பான பேச்சு, ஆனால் ஒதுக்க முடியாதது. மாறிப்போகிறேன் என்று சேர்பவர்களில் நான்காண்டுப் பட்டம்வரை போய்ச்சேர்வது சிறுபான்மைதான். மண்டையில் சரக்கில்லாமல் அல்ல. வேலை நேரம், கார் செலவு, விட்டுப்போன ஒரு கணக்குப் பாடம், அங்கே செல்லாத ஒரு பாடத்தை எடுத்துத் தொலைத்தது, இப்படித்தான் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள்.

ஆகவே இந்தப் பருவம் முடிவதற்குள் அவன் கல்லூரி ஆலோசகரைப் பார்க்கட்டும். ஒரு கல்லூரியில் படித்த பொதுப் பாடங்களை இன்னொன்றில் கணக்கில் எடுத்துக்கொள்ள இல்லினாயில் ஐ.ஏ.ஐ. என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம், அர்பானாவில் அவன் சேர நினைக்கும் துறை எந்தக் கணக்கு, எந்த இயற்பியல் கேட்கிறது என்று தனியாக எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இரவு வேலையை நிறுத்துங்கள். கைச்செலவுக்கு நீங்கள் கொடுங்கள், விடுதிக்குக் கட்ட வேண்டிய பணம்தான் மிச்சமாகிறதே.