சாவுப் பயத்தை அளக்க ஏலுமா?

வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் மாமா செத்தவீடு என்றால் தெருமுனையோடு திரும்பிவிடுவார், தன் சாவைப் பற்றி மட்டும் பகிடி விடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பயமா, அதை அளக்கலாமா என்பது கேள்வி.

ஓரளவுக்கு அளக்கலாம். உளவியலாளர் டொனால்ட் டெம்ப்ளர் 1970இல் வெளியிட்ட சாவுப் பய அளவுகோலில் 15 கூற்றுகள் உண்டு. சரி, பிழை என்று பதில் சொன்னால் 0 முதல் 15 வரை புள்ளி வரும். புற்றுநோய்ப் பயம், பிணத்தைக் கண்டால் வரும் நடுக்கம், காலம் ஓடுகிறதே என்ற தவிப்பு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். எனக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை.

கொலெட், லெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 1969இல் இந்தப் பயத்தை நாலாகப் பிரித்தார்கள்: தான் இல்லாமல் போவது, தான் சாகும் விதம், பிறருடைய இழப்பு, பிறர் சாகக் கிடப்பதைப் பார்ப்பது. மாமாவுக்கு முதலாவதில் குறைவாகவும் கடைசி இரண்டில் கூடவும் வரலாம். பொரளை கனத்தை மயானப் பக்கம் போகாதவர்கள் எல்லோரும் தங்கள் உயிருக்குப் பயந்தவர்கள் இல்லையே!

ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழாக்கிக் கொடுப்பதும் சிக்கல். மரணத்துக்குப் பிந்திய வாழ்வு உங்களைக் கலக்குகிறதா என்று டெம்ப்ளர் கேட்கிறார். கொழும்பில் ஒரு சைவர், ஒரு கத்தோலிக்கர், ஒரு முஸ்லிம் மூவரும் "ஓம்" என்றாலும் மூவர் மனதிலும் இருப்பது வேறு வேறு.

புள்ளி எவ்வளவு கூடினாலும் அது நோய் என்று அர்த்தமில்லை. நித்திரை கெடுகிறது, வேலைக்குப் போகமுடியவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.