பெஞ்ச் கிரைண்டர் சத்தமா? பேரிங்கைத் தொடும் முன் கல்லைக் கழற்றுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெஞ்ச் கிரைண்டர், அதாவது மேஜையில் பொருத்தும் சாணைக்கல் மெஷினின் சத்தத்தைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லோரும் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மேல்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். சந்தேகம் முதலில் கல்லின் மேல் விழ வேண்டும் என்பது என் கருத்து. பேரிங் கெட்டால் பணம் செலவாகும். கல் கெட்டால் கண் போகும்.

கேள்வி: தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். 8 அங்குல கிரைண்டர். ஓடவிட்டால் உறுமுகிறது, மேஜையே உதறுகிறது. பேரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கல்லையும் கழற்றுங்கள். வலப்பக்க நட் வழக்கமான மரை. இடப்பக்கம் எதிர் மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பானரில் பைப்பை மாட்டி இழுத்து, கல் மாட்டும் தண்டான ஷாஃப்ட்டின் மரையையே கெடுத்துவிடுகிறார்கள்.

நட், கல்லை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் தட்டான ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு வெறும் ஷாஃப்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். உதறல் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கல்லில், அல்லது அதை மாட்டிய விதத்தில். அப்புறம் ஒவ்வொரு கல்லாக மாட்டி ஓட்டினால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் முதலில் புஷ்ஷைப் பாருங்கள். கல்லின் துளை பெரிது, ஷாஃப்ட் சிறிது என்பதால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ் போடுகிறோம். அது தளர்வாக இருந்தால் கல் ஒரு பக்கம் ஒதுங்கி உட்காரும். அடுத்து ஃபிளாஞ்ச். மலிவான மெஷின்களில் தகட்டை அழுத்திச் செய்த ஃபிளாஞ்ச்தான் வருகிறது. லேசாக வளைந்திருந்தாலும் கல் பக்கவாட்டில் ஆடும். கல்லின் இருபுறமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஃபிளாஞ்ச் அழுத்தம் கல் முழுக்கச் சீராகப் பரவ அது வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் உதறினால், கல்லை ஷாஃப்ட்டில் கால் வட்டம் திருப்பி மாட்டிப் பாருங்கள். பல நேரம் இதிலேயே பாதி குறைந்துவிடும். மீதிக்கு, கல்லின் மேற்பரப்பைச் சீவும் கருவியான டிரெஸ்ஸரைப் பிடித்துக் கல்லின் முகத்தைச் சீராக்குங்கள். ஆனால் பக்கவாட்டு ஆட்டத்தை டிரெஸ்ஸர் தீர்க்காது, அதற்கு ஃபிளாஞ்ச்சைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: மாற்றுக் கல் கை தவறிக் கீழே விழுந்தது. விரிசல் எதுவும் தெரியாததால் மாட்டிவிட்டேன். சுவிட்சை அணைத்து வேகம் குறையும்போது டக் டக் என்று கேட்கிறது. ஓடும்போது கேட்பதில்லை.

இனி அந்த சுவிட்சைப் போடாதீர்கள். ஓடும்போது கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு சுமார் 2850 சுற்று என்றால் நொடிக்கு 47 தடவை. அந்த வேகத்தில் தட்டும் சத்தம் தனித்தனியாகக் கேட்காது, இரைச்சலாகத்தான் கேட்கும். வேகம் குறையும்போதுதான் பிரிந்து கேட்கிறது.

தேய்க்கும் பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கியான டூல் ரெஸ்ட்டில் கல் உரசுவதாலும் இப்படிச் சத்தம் வரலாம். கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், ஆனால் எங்கும் தொடக் கூடாது. தொடவில்லை என்றால் கல்லைக் கழற்றி, துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே லேசாகத் தட்டுங்கள். கல் உலர்ந்து, தூசியில்லாமல் இருக்க வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது மண்சட்டி போல் சத்தென்று கேட்கும்.

கணீரென்று ஒலித்தாலும் கீழே விழுந்த கல்லை நான் மாட்ட மாட்டேன். 8 அங்குலக் கல்லின் விளிம்பு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் துண்டுக்கு முன்னால் கண்ணாடி, கவர் எல்லாமே கொஞ்சம்தான் தாங்கும். புதுக் கல் வாங்குங்கள். வாங்கும்போது கல்லில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் உங்கள் மோட்டார் வேகத்தைவிடக் கூடுதலா என்று பாருங்கள். மாட்டிய பிறகு ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிடுங்கள், கல்லுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி.

கேள்வி: அணைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே ஒரு 'டக்'. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயிலை இணைத்துப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அது. வேகம் பிடிக்கும்போது ஒரு டக், இறங்கும்போது ஒரு டக் என்பது அதன் இயல்பு.

கேள்வி: சுவிட்ச் போட்டால் ம்ம்ம் என்று முனகுகிறது, சுற்றவில்லை. கல்லைக் கையால் தள்ளிவிட்டால் ஓடிவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?

கூடவே கூடாது. விரல் போவது ஒரு ஆபத்து. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கமே ஓடும். ஓடும் திசையில் நட் தானே இறுகும்படிதான் இரண்டு பக்கமும் மரை போட்டிருக்கிறார்கள். தலைகீழாக ஓடினால் அதே நட் கழன்று, கல்லே வெளியே வரலாம்.

பெரும்பாலும் மோட்டார் கிளம்ப உதவும் கண்டென்சர்தான் போயிருக்கும். பழையதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில், வோல்டேஜ் குறையாமல் வாங்கிப் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். முறைப்படி வடித்த பிறகே தொட வேண்டும். பழக்கமில்லை என்றால் ரீவைண்டிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். த்ரீ ஃபேஸ் மெஷின் இப்படி முனகினால் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று அர்த்தம். உடனே அணையுங்கள், விட்டால் காயில் கருகிவிடும்.

கேள்வி: இரண்டு கல்லையும் கழற்றி ஓட்டினேன். கரகர சத்தம் போகவில்லை.

சரி, இப்போது பேரிங்குக்கு வரலாம். ஓடும்போதே சுவிட்சை அணையுங்கள். அந்தக் கணமே சத்தம் நின்றால் மின்சாரப் பக்கம். ஷாஃப்ட் நிற்கும் வரை தொடர்ந்தால் பேரிங். எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உள்ளே போன கல்தூள் வெளியே வராது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பேரிங்கில் உள்ள எண்ணைச் சொல்லி, இரும்பு மூடியுள்ள 'இசட்இசட்' கேட்காமல் ரப்பர் சீல் உள்ள '2ஆர்எஸ்' கேளுங்கள். தூசிக்கு அதுதான் ஏற்றது. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழட்டும். வெளி வளையத்தில் சுத்தியல் பட்டால் புதுப் பேரிங்கும் கரகரக்கும். மூடிக்குள் அலை அலையாக வளைந்த ஒரு வாஷர் இருந்தால் அதை மறக்காமல் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடிக் கடகடக்கும்.

கேள்வி: அலுமினியப் பட்டை தேய்த்ததிலிருந்து கல் குதிக்கிறது, கிரீச்சிடுகிறது.

கல்லின் துளைகளில் அலுமினியம் அப்பிக்கொண்டது. டிரெஸ்ஸரால் மேல்படலத்தை எடுத்தால் சரியாகிவிடும். இனி அந்தக் கல்லில் அலுமினியம் வேண்டாம். கவருக்குள் தங்கியிருக்கும் அலுமினியத் தூளையும் இன்றே துடைத்து எடுத்துவிடுங்கள். அடுத்து இரும்பு தேய்க்கும்போது பறக்கும் பொறி பட்டால் அது தீப்பிடிக்கும்.