கலிஃபோர்னியாவில் தோட்ட வேலைக்கு ஆள் வைக்கும் முன்: கேள்வி பதில்

வீட்டுத் தோட்ட வேலைகளுக்குக் கொட்டேஷன் போடுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தாலே நம்மவர்களின் கேள்விகள் வரிசை கட்டும். இந்த முறை மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். யாரை வைக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அண்ணா, பின்பக்கம் 400 சதுர அடிக்குப் பேவர் கல் (தரையில் பதிக்கும் கல்) பதிக்க மூன்று பேரிடம் விலை கேட்டேன். குறைந்த விலைக்கும் அதிக விலைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். யார் ஏமாற்றுகிறார்? (சான் ரமோன்)

அநேகமாக யாரும் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது கல். செலவு இருப்பது கல்லுக்கு அடியில்.

கல், மணல், அதற்குக் கீழே இறுக்கிய ஜல்லி எல்லாவற்றுக்கும் சேர்த்து 8 அங்குலம் தோண்ட வேண்டும் என்று வையுங்கள். 400 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 10 கன கெஜம் மண் வரும். தோண்டிய மண் பொங்கும் என்பதால் லாரியில் ஏற்றும்போது 12 கன கெஜத்தைத் தாண்டிவிடும். ஒரு கன கெஜம் மண் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அதை ஏற்ற ஆள்கூலி, எடுத்துப்போக லாரி, கொட்டுகிற இடத்தில் கட்டணம். பக்கவாட்டு கேட் குறுகலாக இருந்து சின்ன இயந்திரம்கூட நுழையாவிட்டால் அத்தனையும் கைவண்டியில்தான் போக வேண்டும். கூலி எகிறுவது அங்கேதான்.

விலை குறைத்துச் சொன்னவர் 3 அங்குலம் சுரண்டிவிட்டு மணலைப் பரப்பிக் கல்லை அடுக்கிவிடப் போகிறாரோ என்னவோ. நம் பகுதிக் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டு மழைக்காலத்தில் தரை அலை அலையாகிவிடும். அதனால் மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஜல்லி எத்தனை அங்குலம்? இரண்டு மூன்று அடுக்காகக் கொட்டி ஒவ்வொன்றையும் இடித்து இறுக்குவீர்களா? மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்? ஓரம் நகராமல் எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு விலைகளை ஒப்பிடுங்கள். வித்தியாசம் பாதியாகக் குறைந்திருக்கும்.

புல் வெட்ட வருகிறவரே ஸ்பிரிங்க்ளர் மாற்றி, செடியும் வைத்து 2,800 டாலரில் முடித்துத் தருகிறேன் என்கிறார். லைசென்ஸ் கிடையாது. மூன்று பில்லாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். (ஃப்ரீமாண்ட்)

பிரித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரே வேலைதான். லைசென்ஸ் இல்லாதவர் செய்யக்கூடிய வேலைக்கு 2025 ஜனவரி முதல் உச்சவரம்பு 1,000 டாலர். அதற்கு முன் 500 ஆக இருந்தது. கூலி, பொருள் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். பர்மிட் தேவைப்படும் வேலையாக இருக்கக் கூடாது, உதவிக்கு ஆள் வைக்கவும் கூடாது.

லைசென்ஸ் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தவர் கூலிக்காக வழக்குப் போட முடியாது. கொடுத்த பணம் முழுவதையும் நீங்கள் கோர்ட்டில் திருப்பிக் கேட்கக்கூடச் சட்டத்தில் இடம் உண்டு. இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணத்தோடு தயவுசெய்து யாரையும் வேலைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று: அவருடன் வந்த பையன் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால், அவனுக்கு முதலாளி நீங்கள்தான் என்று ஆகிவிடலாம்.

லைசென்ஸ் எண் கொடுத்தார். அதில் எதைப் பார்க்க வேண்டும்? (ஃபோல்சம்)

சி.எஸ்.எல்.பி. என்கிற மாநில லைசென்ஸ் வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். தோட்ட வேலைக்கான வகை சி-27. எண் செல்லுபடியாவது மட்டும் போதாது, அதிலுள்ள பெயரும் உங்கள் ஒப்பந்தத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் லைசென்ஸில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், தொழிலாளர் விபத்துக் காப்பீடு. அங்கே ‘விலக்கு’ என்று இருந்தால், தனக்கு ஊழியர்களே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்குகிறார்கள். கணக்கு இடிக்கிறது அல்லவா? நான் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். லைசென்ஸுக்காக அவர் வைத்திருக்கும் 25,000 டாலர் பாண்டு (அவர் தவறு செய்தால் நஷ்டஈடு தருவதற்கான உத்தரவாதம்) இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். அது உங்கள் ஒருவருக்கான தொகை இல்லை. புகார் கொடுத்த எல்லோரும் அதில்தான் பங்கு கேட்பார்கள்.

30,000 டாலர் வேலை. பாதி அட்வான்ஸ் கேட்கிறார், கல்லை முன்கூட்டியே வாங்க வேண்டுமாம். (அர்வைன்)

1,000 டாலர் கொடுங்கள். மொத்தத் தொகையில் 10 சதவீதம், அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான் அட்வான்ஸ் வரம்பு. வேலை முழுவதற்கும் தனியாகப் பாண்டு கட்டி வாரியத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு; அதுவும் லைசென்ஸ் பக்கத்திலேயே தெரியும். அதன் பிறகும் முடிந்த வேலைக்கும், வந்து இறங்கிய பொருளுக்கும் மட்டுமே பணம்.

கான்ட்ராக்டருக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்துவருகிறேன். திடீரென்று கல் விற்கும் கம்பெனி ஒன்றிலிருந்து பதிவுத் தபால். வீட்டின் மேல் உரிமை கோருவோம் என்பதுபோல் இருக்கிறது. பயமாக இருக்கிறது சார். (டப்ளின்)

பயப்படாதீர்கள், ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது 20 நாள் முன்னறிவிப்பு. ‘உங்கள் வீட்டு வேலைக்கு நாங்கள் பொருள் கொடுக்கிறோம்’ என்று தெரிவிக்கிற வழக்கமான கடிதம். ஒழுங்கான கம்பெனிகள் எல்லா வேலைக்கும் அனுப்பும்.

சிக்கல் எங்கே என்றால், நீங்கள் கொடுத்த பணத்தைக் கான்ட்ராக்டர் கல் கம்பெனிக்குக் கட்டாமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிக்காக வீட்டைப் பிணையாக்கும் உரிமை, பதியலாம். ‘நான்தான் கொடுத்துவிட்டேனே’ என்பது அங்கே எடுபடாது. அதனால் இந்தக் கடிதங்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த தவணை கொடுக்கும் முன், கடிதம் அனுப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் லீன் உரிமையைக் கைவிடும் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லுங்கள். பணம் கைக்கு வரும்வரை நிபந்தனையோடு ஒரு படிவம், வந்த பின் நிபந்தனையில்லாமல் இன்னொன்று. இதைக் கேட்டால் நல்ல கான்ட்ராக்டர் முகம் சுளிக்க மாட்டார். கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே செக் எழுதுவதும் ஒரு வழி.

மண் சரியாமல் மூன்றரை அடி சுவர் கட்டப் போகிறோம். நான்கு அடிக்குக் கீழே பர்மிட் வேண்டாம் என்கிறாரே? (சான் ஹோசே)

நான்கு அடியை எங்கிருந்து அளக்கிறார் என்று கேளுங்கள். விதிப்படி அஸ்திவாரத்தின் அடியிலிருந்து சுவரின் உச்சிவரை. தரைக்கு மேல் மூன்றரை அடி தெரிகிற சுவருக்குக் கீழே ஒரு அடி அஸ்திவாரம் இருந்தாலே நான்கைத் தாண்டிவிட்டது. சுவருக்குப் பின்னால் மண் சரிவாக ஏறினாலோ, மேலே கார் நிற்கும் இடம் இருந்தாலோ, சுவருக்குக் கூடுதல் பாரம் என்ற கணக்கில் குட்டைச் சுவருக்கும் பர்மிட் வேண்டும். ‘பர்மிட்டை உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள், மலிவு’ என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பொறுப்பு முழுக்க உங்கள் தலைக்கு வந்துவிடும்.

பின்பக்க மரம் ஒன்றை எடுக்க வேண்டும். சொந்த மரம்தானே? (சான் ஹோசே)

தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தண்டைச் சுற்றி டேப் பிடியுங்கள். 38 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் நகரத்தில் பர்மிட் வாங்காமல் கை வைக்கக் கூடாது. தெருவோர மரமென்றால் எந்த அளவானாலும் பர்மிட் வேண்டும். பக்கத்து ஊரில் விதி வேறு.

புல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் செடி வைத்தால் மானியம் உண்டாமே? (சன்னிவேல்)

உண்டு. ஆனால் விண்ணப்பித்து ஒப்புதல் வந்த பிறகுதான் புல்லைத் தொட வேண்டும். முதலில் பிடுங்கிவிட்டுப் படம் அனுப்பினால் கிடைக்காது. குடியிருப்போர் சங்கம் தடுக்குமோ என்ற கவலை வேண்டாம்; இப்படிப்பட்ட செடிகளை அடியோடு தடை செய்ய மாநிலச் சட்டம் அவர்களை விடுவதில்லை.

தோண்டும் முன் 811-ஐ, அதாவது மண்ணுக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் தொலைபேசிச் சேவையை, கூப்பிடச் சொல்கிறார்கள். நாலு செடிக்குழிக்குமா? (ஃப்ரீமாண்ட்)

ஆமாம், இலவசம்தானே. குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கூப்பிட்ட நாள் கணக்கில் சேராது. வந்து தரையில் வண்ணம் அடித்துப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், ஆரஞ்சு தொலைபேசி, கேபிள். கான்ட்ராக்டர் தோண்டுகிறார் என்றால் அவரே தன் பெயரில் கூப்பிடட்டும். ஒன்று மட்டும், மீட்டருக்கு இந்தப் பக்கம் நீங்களாகப் போட்ட குழாய்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள். பின்பக்க அடுப்புக்கு இழுத்த எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். தெரியாவிட்டால், வீட்டை விற்றவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.