கிணறு வெட்டியாயிற்று, வாஷரை யார் வாங்குவது?

கென்யாவில் கிட்டுயி, குவாலே பகுதிகளில் கிராமக் குடிநீர் வேலை பார்த்தவன் என்று சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டுகிறோம். ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஒரு கிணறு அமைக்க எவ்வளவு ஆகும் ஐயா?

எந்த ஊர், எவ்வளவு ஆழத்தில் நீர், என்ன பாறை, போர் போடும் லாரி எங்கிருந்து வர வேண்டும் என்று தெரியாமல் யாராவது தொகை சொன்னால் நம்பாதீர்கள். அதைவிட முக்கியம், மூன்றாம் வருடம் பம்பு நின்றால் யார் வந்து பார்ப்பார்கள் என்பது. சஹாராவுக்குத் தெற்கே 20 நாடுகளின் விவரத்தை 2009இல் தொகுத்தபோது, அடிபம்புகளில் 36 சதவீதம் ஓடாமல் கிடந்தன. அவற்றிலும் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியிருப்பார்கள்.

கேள்வி: அப்படி என்னதான் கெட்டுப்போகிறது?

பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வாஷர். அங்கே அதிகம் காணும் 'ஆஃப்ரிடெவ்' பம்பு 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவானது. ஊர்க்காரர்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஒரே ஒரு ஸ்பேனர் போதும். குவாலேயில் ஒரு காலை, பம்புக் குழுவின் பெண்கள் மூவர் பம்பின் மேல்மூடியைக் கழற்றி, கொக்கிபோல் ஒன்றோடொன்று மாட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். உருவிய கம்பிகளை மண் படாமல் ஒரு கிளைமேல் சாய்த்து வைத்தார்கள். கடைசிக் கம்பியோடு பிஸ்டன் வந்தது. அதிலிருந்த வாஷர் ஓரம் தேய்ந்து, பழைய செருப்பு வார்போல் மெலிந்திருந்தது. புதியதை மாட்டி, நாற்பது முறை அடித்ததும் தண்ணீர் வந்துவிட்டது. வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அந்த வாஷருக்காகப் பதினொரு நாள் காத்திருந்தார்கள். பக்கத்துக் கடைத்தெருவில் சோப்பு கிடைத்தது, வாஷர் கிடைக்கவில்லை.

கேள்வி: நம் ஊர் அடிபம்பு அங்கே போயிருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. யுனிசெஃப் துணையோடு 1970களில் உருவான 'இந்தியா மார்க் II' பம்பை கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்தார்கள். மதராஸ் ஆலையில் தயாரித்தார்கள். பிறகு அது ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போனது. உழைப்பாளிப் பம்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருக்கும் இடங்களில் அதன் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் துருப்பிடித்துவிடும். தண்ணீர் சிவக்கும், வெள்ளைத் துணி பழுப்பாகும், தேநீர் கறுத்துப்போகும். ஆய்வுக்கூடம் என்ன சான்றிதழ் கொடுத்தாலும், தேநீர் கறுத்தால் பெண்கள் பழையபடி ஆற்றுக்கே போய்விடுவார்கள். அத்தகைய இடங்களில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயோ பிளாஸ்டிக் குழாயோதான் போட வேண்டும்.

கேள்வி: குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் பம்பு ஒன்றைப் பார்த்தேன். அருமையான யோசனை இல்லையா?

படத்தில் அருமைதான். 'பிளேபம்ப்' என்று பெயர். 2010க்குள் 4,000 வைக்கப்போவதாக 2006இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். லண்டன் நாளிதழ் ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது: அந்த அளவு இறைக்கக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! பள்ளி விட்டதும் ராட்டினத்தைத் தள்ளியது அம்மாக்களும் பாட்டிகளும்தான். திட்டம் குறித்த காலத்துக்கு முன்பே படுத்துவிட்டது.

கேள்வி: மழைநீர்த் தொட்டி போதாதா? எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் தகரக் கூரை, ஆண்டுக்கு 600 மி.மீ. மழை என்றால் 30,000 லிட்டர். சிதறியது, வழிந்தது போக 24,000 தேறும். ஆனால் தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது மழை இல்லாத நாட்கள். கிட்டுயியில் ஜூன் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை சுமார் 130 நாள் வறட்சி. ஆறு பேர் குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லிட்டர் எடுத்தால் 3,900 லிட்டர். ஆக, 5,000 லிட்டர் தொட்டி போதும். குளிக்க, துவைக்க, ஆட்டுக்கு என்று இறங்கினால் ஆகஸ்டிலேயே தொட்டியின் அடி தட்டும் ஓசை கேட்கும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். கூரையிலிருக்கும் பறவை எச்சம் அதோடு போகட்டும்.

கேள்வி: மணல் அணை என்கிறார்களே?

எனக்குப் பிடித்த விஷயம். கிட்டுயி, மச்சாக்கோஸ் பகுதி ஆறுகள் மழைக்கு மட்டும் ஓடுபவை. ஆற்றின் குறுக்கே, அடிப்பாறையில் ஊன்றிச் சுவர் எழுப்பினால் சில மழைக்காலங்களில் பின்னால் மணல் நிறைந்துவிடும். அந்த மணலின் கன அளவில் 25 முதல் 40 சதவீதம் வரை தண்ணீர் தங்கும். வெயில் குடிக்காது, கொசு முட்டையிடாது. நாம் ஆற்றில் ஊற்றுத் தோண்டி எடுப்பதுபோலத்தான் எடுப்பார்கள். சுவரோரம் கிணறும் பம்பும் வைத்தால் இன்னும் சுத்தம். அங்கே வாழும் கம்பா இன மக்களிடம் 'ம்வெத்யா' என்ற கூட்டு உழைப்பு வழக்கம் உண்டு. கல்லும் மணலும் சுமந்து சுவரை எழுப்புவது பெரும்பாலும் பெண்கள். ஆறு வண்டலை மட்டும் கொண்டுவருமானால் கட்டாதீர்கள். சேறு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், தராது.

கேள்வி: கிணற்று நீரைக் காய்ச்ச வேண்டுமா?

பம்பில் சுத்தமாக வரும் நீர், வீடு போய்ச் சேரும் மஞ்சள் கேனில் கெடுகிறது. கழுவாத கேன், உள்ளே விட்ட கை. ஆகவே காய்ச்சுங்கள், அல்லது குளோரின் விடுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஃபுளோரைடு தொல்லை உண்டு. அதைக் காய்ச்சிப் போக்க முடியாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பரிசோதிக்காமல் போர் போடாதீர்கள்.

கேள்வி: கடைசியாக, நாங்கள் திரட்டிய பணத்தை என்ன செய்ய?

கிட்டுயியிலும் குவாலேயிலும் 'ஃபுண்டிஃபிக்ஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது; சுவாஹிலியில் ஃபுண்டி என்றால் கைத்தொழில் தெரிந்தவர். ஊர் மாதச் சந்தா கட்டுகிறது, பம்பு நின்றால் ஃபுண்டி வருகிறார். முன்பு சராசரியாக 27 நாள் ஆன பழுது, மூன்று நாளுக்குள் சரியாகிறது. நீங்கள் எந்த ஊருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், அங்கே இதுபோல் ஒருவர் இருக்கிறாரா, அவர் மோட்டார் சைக்கிளில் வாஷர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். புதுக் கிணற்றின் படம் வேண்டும் என்று நன்கொடையாளர்கள் பிடிவாதம் பிடித்தால், பழைய கிணற்றைச் சரிசெய்து புதிதாகப் பெயிண்ட் அடித்துப் படம் எடுத்து அனுப்பலாம். நான் அனுப்பியிருக்கிறேன்.