சயின்ஸ் ஃபிக்‌ஷன் சிறுகதைக்கு ஐடியா எங்க இருந்து வரும்?

கேள்வி: நான் பி.காம் படிச்சவன். சயின்ஸ் ஃபிக்‌ஷன் சிறுகதை எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. யோசிச்சா ரோபோ, டைம் மெஷின், ஏலியன் தவிர ஒண்ணும் வர மாட்டேங்குது. சரி படிக்கலாம்னு உக்காந்தா நாலாவது பக்கத்துல சயின்ஸ் புரியாம மூடி வெச்சிடுறேன். என்ன பண்றது?

பதில்: ரோபோ, டைம் மெஷின் எல்லாம் வெறும் சாமான் தம்பி. அந்த சாமான் ஒரு வீட்டுக்குள்ள வந்த பிறகு யாருக்குத் தூக்கம் போச்சு, யார் யார்கிட்ட பேச்ச நிறுத்துனாங்க, அதத்தான் எழுதணும்.

நிஜமான ஒரு தகவல்ல இருந்து ஆரம்பிங்க. பூமியில இருந்து செவ்வாய்க்கு ஒரு மெசேஜ் போக, ரெண்டும் கிட்ட இருக்கறப்ப சுமார் 3 நிமிஷம், ரொம்ப தள்ளி இருக்கறப்ப 22 நிமிஷம் ஆகும், ஒளியோட வேகத்தத் தாண்டி யாராலயும் எதையும் அனுப்ப முடியாது. இப்ப இதத் தூக்கி ஒரு குடும்பத்துக்குள்ள வைங்க. செவ்வாய்ல வேலை பாக்குற பொண்ணுகிட்ட அம்மா "சாப்டியா"ன்னு கேட்டா, ரொம்ப தள்ளி இருக்கறப்ப போக 22, வர 22ன்னு பதில் வர முக்கா மணி நேரம். சண்டை கூட ஒழுங்கா போட முடியாது, சண்டைன்னா குறுக்க பேசணும்ல. அம்மா கோவத்துல சொல்லக்கூடாதது ஒண்ணு சொல்லி அனுப்பிடுறாங்க, மனசு கேக்காம பத்து நிமிஷம் கழிச்சு "தப்பா பேசிட்டேன்மா"ன்னு இன்னொண்ணு அனுப்புறாங்க, ரெண்டும் முன்னயும் பின்னயுமா வானத்துல போயிட்டு இருக்கு, மொதல் மெசேஜ் போய்ச் சேந்து ரெண்டாவது வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு தனியா உக்காந்திருக்கற பத்து நிமிஷம் இருக்கே, அதுதான் கதை. இதுல ராக்கெட் எப்படி ஓடுதுன்னு ஒரு வரி கூட வேணாம், பி.காம் தாராளமா போதும்.

இன்னொண்ணு. 1977ல நாசா அனுப்பின ரெண்டு வாயேஜர் விண்கலத்துலயும் தங்க முலாம் பூசின ஒரு இசைத்தட்டு இருக்கு, வேற கிரகத்துல யாராச்சும் இருந்தா கேக்கட்டும்னு 55 மொழியில வணக்கம் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, தமிழ் இல்ல. மொதல்ல தெரிஞ்சப்ப எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு, அப்புறம் பாத்தா, அந்தத் தட்டக் கேட்டுட்டு யாராச்சும் நம்ம ஊர்ல வந்து இறங்கினா, அவங்க படிச்சு வந்த மொழியில எதுவும் தெரியாம எதிர்ல நிக்கிற ஒரு பாட்டி, அந்தப் பாட்டிய அவங்க யாருன்னு நினைப்பாங்க?

அதே மாதிரி, செவ்வாயோட ஒரு நாள் நம்ம நாள விட கிட்டத்தட்ட 40 நிமிஷம் அதிகம். 2004ல அங்க ரெண்டு ரோவர் (தரையில ஓடி ஆராயற ரோபோ வண்டி) இறங்கினப்ப அத இயக்கின டீம் பூமியில இருந்துக்கிட்டே செவ்வாய் நேரப்படி டியூட்டி பாத்தாங்க. இன்னிக்கு 8 மணின்னா நாளைக்கு 8.40, பதினெட்டு நாள்ல காலை டியூட்டி ராத்திரி டியூட்டி ஆயிடும். அந்த டீம்ல இருந்தவங்க வீட்டுக் குழந்தைங்கள யோசிங்க.

ஒரு நோட்டு போடுங்க. பேப்பர்ல பாக்குற தகவல் ஒண்ண எழுதி, அதுக்குக் கீழ "இதனால யார் வீட்டுல என்ன மாறும்"னு மூணு பதில் எழுதுங்க. மொதல் பதில் எல்லாருக்கும் தோணுறதுதான், அத அடிச்சிடுங்க. ஒரு கதையில நிஜ உலகத்துல இருந்து ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க, நாலஞ்சு மாத்தினா படிக்கிறவங்க தொலைஞ்சு போயிடுவாங்க.

படிக்கிறதுக்கும் இதேதான். கரிசக்காட்டுக் கதை படிக்கிறப்ப ஒரு வட்டாரச் சொல் புரியலன்னா அங்கயே மூடி வெக்கிறோமா என்ன, ரெண்டு பக்கம் போனா தானா பிடிபட்டுடும். சயின்ஸ் வார்த்தையையும் அப்படித் தாண்டிப் போங்க. கதைய எழுதினவர் எத மாத்தியிருக்கார்னு மட்டும் தேடிக்கிட்டே படிங்க, அது கிடைச்சதும் மத்ததெல்லாம் விளங்கிடும். முடிச்சதும் மொதல் பக்கத்த இன்னொரு தடவை படிங்க, மொதல்ல சும்மா தாண்டிப் போன வரியெல்லாம் இப்ப பேசும், எனக்கு இந்த வகைக் கதைகள்ல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

எழுதறதுக்கு, இன்னிக்கு ராத்திரியே அந்த அம்மாவோட ரெண்டாவது மெசேஜ எழுதிப் பாருங்க. மொத மெசேஜ்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.