ரேம்: கூடுதலாகவா, வேகமாகவா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் டிசைன் செய்து தருகிறேன். கம்ப்யூட்டர் 2021-ல் வாங்கியது. ஐ3-10100 பிராசஸர், ஹெச்410 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போட்டோஷாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குரோமில் வாட்ஸ்அப்பும் பார்த்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. கடைக்காரர், “பழைய 2666 ரேமைக் கழற்றிட்டு 3600 ரேம் 8 ஜிபி போடுங்கம்மா, பறக்கும்” என்கிறார். என் தம்பியோ, “இருக்கறதோட இன்னொரு 8 ஜிபி சேர்த்தா போதும்க்கா” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

- வாசகி, கும்பகோணம்

பதில்: தம்பி பேச்சைக் கேளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. ரேம் என்பது நீங்கள் திறந்து வைத்திருக்கும் வேலைகளைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். ஜிபி அதன் அளவு; 2666, 3600 என்பவை அதன் வேகம்.

முதலில், அந்த 3600 ரேமை வாங்கினாலும் உங்களுக்கு 3600 வேகம் கிடைக்காது. ஐ3-10100 பிராசஸர் ஏற்கும் ரேம் வேகம் 2666 வரைதான். அதற்கு மேல் ஏற்றுவதற்கு ஹெச்410 போர்டு அனுமதிப்பதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 3600 என்பது, பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும் வேகம். அந்த வசதி இல்லாத போர்டில் மாட்டினால் ரேம் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். சில 3600 ரேம்களுக்கு அந்த அடிப்படை வேகம் 2400 அல்லது 2133. பணமும் கொடுத்து, இப்போது இருப்பதைவிட மெதுவான ரேமை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையாகிவிடும். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ரேமைச் சொல்லும் முன் உங்கள் போர்டு எது என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

சரி, போர்டு இடம் கொடுத்தாலும் உங்கள் பிரச்சினை தீருமா? தீராது. உறைவதற்குக் காரணம் ரேம் மெதுவாக இருப்பதல்ல, போதாமல் இருப்பது. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஏ4 அளவு அழைப்பிதழை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால், பக்கம் முழுக்க நிறைந்த ஒரு லேயருக்கு, அதாவது படத்தின் ஓர் அடுக்குக்கு, ஏறக்குறைய 35 எம்பி ரேம் வேண்டும். பின்னணி, பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம், மணமக்கள் படம், எழுத்து என்று 20 லேயர் சேர்ந்தால் 700 எம்பியை நெருங்கலாம். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் பெறுவதற்காக போட்டோஷாப் நினைவில் வைத்துக்கொள்வது தனி. விண்டோஸுக்கு ஒரு பங்கு, குரோமுக்கு ஒரு பங்கு. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் இதே 8 ஜிபியிலிருந்துதான் ஒரு பங்கு.

ரேம் நிரம்பியதும் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது கம்ப்யூட்டர். அங்கேதான் உறைகிறது. கணக்கைப் பாருங்கள். சாதாரண 2666 ரேம் ஒரு தகவலைத் தரத் தொடங்குவதற்கு ஆகும் காத்திருப்பு சுமார் 14 நானோசெகண்ட் (ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோசெகண்ட்). நல்ல 3600 ரேமுக்குச் சுமார் 10. ஹார்ட் டிஸ்குக்கோ ஏறக்குறைய 1 கோடி நானோசெகண்ட். ஒரு நானோசெகண்டை ஒரு செகண்டாக நீட்டிப் பார்த்தால், பழைய ரேம் 14 செகண்டில் தருவதைப் புது ரேம் 10 செகண்டில் தரும். ஹார்ட் டிஸ்கிலிருந்து வர நான்கு மாதம் ஆகும்! அந்த 4 செகண்டை மிச்சம் பிடிக்கப் போய் இந்த நான்கு மாதத்தை அப்படியே விட்டுவைக்கலாமா?

நான் சொல்வதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வழக்கமான வேலையில் இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ், அதில் மெமரி. 8 ஜிபியில் ஏழுக்கு மேல் போயிருந்தால் பற்றாக்குறைதான். அதே இடத்தில் ரேமின் வேகமும், ரேம் மாட்டும் ஸ்லாட்டுகளில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். இன்னொரு சோதனை போட்டோஷாப்பிலேயே இருக்கிறது. படத்துக்குக் கீழே ஓரத்தில் கோப்பின் அளவைக் காட்டும் இடத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுங்கள். அது 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் போட்டோஷாப் ரேம் போதாமல் டிஸ்கைத் தேடிப் போகிறது என்று பொருள்.

தம்பி சொன்னதில் அவருக்கே தெரியாத ஒரு லாபமும் இருக்கலாம். ஒரே ரேம் இருக்கும்போது பிராசஸருக்கு ஒரு வழிதான் திறந்திருக்கிறது. செகண்டுக்கு அதிகபட்சம் 21 ஜிபி போய்வரும். இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருந்தால் இரண்டு வழியும் திறந்து அது 42 ஜிபி ஆகிவிடும். வேகம் வேண்டும் என்ற ஆசையும் இப்படியே நிறைவேறுகிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கம்ப்யூட்டருக்கு இது நன்றாகவே உதவும்.

வேகமான ரேமுக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ரைசன் கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறவர்களுக்கு 2666-க்கும் 3600-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அவர்களும் முதலில் தேவையான ஜிபியை நிரப்பிவிட்டுத்தான் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியது: டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்4, 8 ஜிபி, 2666. அது கிடைக்காவிட்டால், எக்ஸ்எம்பி இல்லாமலே 3200 வேகம் தரும் சாதாரண ரேமையும் வாங்கலாம். பழையதோடு சேர்ந்து 2666-ல் ஓடும். டிடிஆர்5 வேண்டவே வேண்டாம், அதன் பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உங்கள் ஸ்லாட்டில் உட்காராது. முடிந்தால் பழைய ரேமையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாட்டுவதை நீங்களே செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் தங்க நிறப் பற்களில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து, வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் ஒரே சீராக அழுத்துங்கள். கிளிப் ‘டக்’ என்று மூடும். அந்தச் சத்தம் வரும்வரை கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம். திரை வராவிட்டால் பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். கழற்றி மறுபடி மாட்டுங்கள். வந்ததும் டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த முகூர்த்த சீசனில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், அந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து விண்டோஸை ஒரு எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்கைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பகம்) மாற்றுங்கள். 240 ஜிபி எஸ்எஸ்டியே விண்டோஸுக்கும் போட்டோஷாப்புக்கும் போதும். டிசைன் கோப்புகள் பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும்.